குற்றம் குடியிருப்பது எங்கே?

"என் மகள் பீர் காய்ச்சுகிறாள், தம்பி!"

சீமையிலிருந்து திரும்பிய மறுவாரம், என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்ததும் அவர் உதிர்த்த முதற்சொல் இது. பயணம் எப்படி, பேரன் நலமா, பனி கொட்டிற்றா என்று கேட்க நான் வாய் திறக்கு முன்னரே வந்து விழுந்த சொல். சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வையைத் துடைத்தாரா, வேதனையைத் துடைத்தாரா, நானறியேன்.

யார் அவர்? முப்பது ஆண்டுகள் தஞ்சைத் தரணியின் சிற்றூர்ப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்தவர். இன்றும் எங்கள் வட்டாரத்தில் 'ஆசிரியர்' என்றால் அவர் ஒருவர்தான். குடி எத்தனை குடும்பங்களைக் குடைசாய்த்தது என்பதை அவர் ஏடுகளில் படித்ததில்லை. வகுப்பின் வருகைப் பதிவேட்டில் படித்தவர். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே சிவப்பு மையால் அவர் இட்ட ஒவ்வொரு குறிக்கும் பின்னே, பெரும்பாலும், ஒரு குடிகாரத் தந்தை படுத்துக் கிடந்தான். பள்ளிக்கு அருகே திறந்த மதுக்கடையின் முன் பெண்களைத் திரட்டி நின்றவர், கல்லடி பட்டவர், காவல் வண்டியில் ஏறியவர். அந்த மனிதரின் மகள் இங்கிலாந்திலே, லீட்ஸ் நகரிலே, மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் பட்டதாரி மகள், சனிக்கிழமைதோறும் என்று சொல்லாவிட்டாலும் திங்களுக்கொரு சனிக்கிழமை, அடுக்களையில் அண்டா ஏற்றிப் பீர் காய்ச்சுகிறாள்!

"அங்கே அது குற்றமில்லையாம், தம்பி. காவலர் வந்து கண்டாலும் ஒரு குவளை கேட்பாரே தவிர, கைவிலங்கு எடுக்கமாட்டாராம். இங்கே அதே அண்டாவை அதே பெண் அடுப்பில் ஏற்றினால் சிறை. கடல் தாண்டினால் அறம் மாறுமா? மாறும் என்றால் அது அறமா? மாறாது என்றால், என் மகள் குற்றவாளியா?"

தோழர்களே! எழுபதைக் கடந்த ஒருவர் தம் மகளை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. மேடையில் கேட்கப்பட்டிருந்தால் கைத்தட்டலுக்கேற்ற விடை ஒன்றை வீசியிருப்பேன். திண்ணையில் கேட்டுவிட்டார். ஆகவே, சிந்திக்க வேண்டியதாயிற்று.

முதலில், அவள் என்னதான் செய்கிறாள் என்று கேட்டேன். ஆசிரியர் அல்லவா? பிடிக்காத பாடத்தையும் பிழையறக் கற்றுவந்திருந்தார்.

காலையில் எழுந்ததும் புழுங்கல் நெல் அவிக்கும் வாடை வந்ததாம். ஊர் நினைவு வந்து, மகிழ்ச்சியோடு அடுக்களைக்குப் போயிருக்கிறார். பெரிய பாத்திரம் ஒன்றிலே, முளைகட்டி உலர்த்தி நொறுக்கிய வாற்கோதுமை, நாலரைக் கிலோ அளவு, வெந்நீரில் ஊறிக்கொண்டிருந்தது. முளைகட்டிய அந்தத் தானியத்துக்கு மால்ட் என்று பெயர். நீரின் வெப்பம் 66 பாகை. கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலே இருந்தால், முளையிலே பிறந்த நொதிப்பொருள்கள் மாவை வெட்டி இனிப்பாக்குகின்றன. பின்னர் வடித்தெடுத்து, ஹாப்ஸ் என்னும் கொடியின் காய்ந்த பூங்கொத்துகளைப் போட்டு இன்னுமொரு மணி நேரம் கொதிக்கவைத்தல். கசப்பும் மணமும் அந்தப் பூ தருவது. கெடாமல் காப்பதும் அதுவே. அப்புறம் விரைவாகக் குளிரச்செய்து, மூடியுள்ள வாளியில் ஊற்றி, ஈஸ்ட் தூவி, காற்று வெளியேற மட்டும் வழிவிட்டு, இரண்டு வாரம் இருட்டறையில் வைத்தல். பிறகு புட்டி. அரை லிட்டர்ப் புட்டி ஒன்றுக்கு மூன்று கிராம் சர்க்கரை. அதை உண்டு ஈஸ்ட் விடும் மூச்சுத்தான் நுரை. கையால் அழுத்தும் சிறு கருவியொன்றினால் தகர மூடியை இறுக்கிவிட்டால், இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் 40 புட்டிகள் அணிவகுத்து நிற்கும்.

"ஒருமுறை சர்க்கரையைக் கூட்டிப் போட்டுவிட்டாளாம். நள்ளிரவில் அலமாரிக்குள் புட்டிகள் வெடித்தனவாம்" என்று சொன்னபோது ஆசிரியர் முகத்திலே சிறு நிறைவு தெரிந்தது. இயற்கையாவது மகளைக் கண்டித்ததே என்ற நிறைவு போலும்!

ஆனால் அவரை அசைத்தது இன்னொன்று. எட்டு வயதுப் பேரன், நீண்ட கண்ணாடிக் குழலில் மிதக்கும் அடர்த்திமானியைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறானாம். முதல் நாள் 1.045. பதினான்காம் நாள் 1.010. நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதைக் காட்டும் எண் அது. இனிப்பு குறையக் குறைய எண் இறங்குகிறது. இறங்கிய அளவைக் கொண்டு, நூற்றுக்கு நாலரைப் பங்கு மது இருக்கிறது என்று கணக்குப் போடுகிறார்கள். "தாத்தா, ஈஸ்ட் செத்துவிட்டதா, தூங்குகிறதா?" என்று அவன் கேட்டானாம். ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. முப்பது ஆண்டில் மாணவன் ஒருவன் கேட்ட கேள்விக்கு விடையறியாது நின்றது அதுவே முதல்முறை என்றார். தூங்குகிறது என்பதுதான் பெரும்பாலும் சரியான விடை; அடியில் வண்டலாகப் படிந்து கிடக்கிறது; உணவு கிடைத்தால் விழித்துக்கொள்ளும்.

இங்கே சற்று நிற்கவேண்டும். பகுத்தறிவு பேசும் நாம் கடந்துபோய்விடக்கூடாத இடம் இது.

இடைக்கால இங்கிலாந்தில் இந்த வண்டலுக்கும் நுரைக்கும் என்ன பெயர் தெரியுமா? 'கடவுள் அருளிய நன்மை' என்று பொருள்படும் பெயர்! ஏன்? என்ன நடக்கிறது என்று எவருக்கும் தெரியாது. பாத்திரத்தில் ஊற்றினார்கள், பொங்கிற்று. பொங்காத நாளும் உண்டு. புளித்து நாறிய நாளும் உண்டு. பொங்கினால் அருள். பொங்காவிட்டால்? சூனியக்காரி கண்பட்டுவிட்டாள் என்று எவளோ ஒரு கிழவியைத் தேடினார்கள்! பவேரிய நாட்டில் 1516ஆம் ஆண்டிலே, பீரில் சேரவேண்டியவை வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் இம்மூன்றே என்று சட்டம் செய்தார்கள். முழு வேலையையும் செய்கிற ஈஸ்டின் பெயர் அந்தச் சட்டத்தில் இல்லை! தெரியாத ஒன்றுக்கு எப்படி இடம் தருவார்கள்?

1680ல் ஹாலந்து நாட்டு லேவன்ஹுக் தம் உருப்பெருக்கியின் வழியே அந்த உருண்டைகளைக் கண்டார். உயிர் என்று உணரவில்லை. 1830களின் இறுதியில் மூவர், தனித்தனியே, அது உயிர்தான் என்றனர். உடனே என்ன நடந்தது? பெரும் வேதியியல் அறிஞர்களான லீபிக்கும் வோலரும் நடத்திய ஏட்டிலே, 1839ல், ஒரு கேலிக் கட்டுரை வெளிவந்தது: ஈஸ்ட் என்பது வாயும் வயிறும் உள்ள குட்டி விலங்காம், வாலைப்பானை வடிவத்தில் உடல் படைத்ததாம், சர்க்கரையை விழுங்கி ஒருபுறம் மதுவையும் மறுபுறம் காற்றையும் கழிக்கிறதாம்! சிரித்தார்கள். பாமரர் சிரிக்கவில்லை, அறிஞர்கள் சிரித்தார்கள். பின்னர் பாஸ்டர் வந்தார். பிரஷ்யப் போரில் பிரான்சு தோற்ற சினத்தோடு, ஜெர்மானியர் பீரைத் தோற்கடிக்கும் பீர் செய்யவேண்டும் என்ற வீம்போடு ஆராய்ந்து, 1876ல் பீரைப் பற்றி ஒரு பெருநூலே வெளியிட்டார். பீர் கெடுவது கண்ணேறால் அன்று, வேண்டாத நுண்ணுயிர் நுழைவதால் என்று காட்டினார். 1883ல் கோபன்ஹேகன் நகரின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் ஒரே உயிரணுவிலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார். அதைப் பூட்டிவைத்துப் பொருள் குவித்திருக்கலாம். கேட்ட ஆலைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

ஆக, லீட்ஸ் அடுக்களையில் அந்தப் பெண் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிக் கிருமிநீக்கும்போது, நானூறு ஆண்டு மூடத்தையும் சேர்த்துத்தான் கழுவுகிறாள். நம் வீட்டுப் பெண்டிர் ஆட்டிவைத்த இட்லி மாவு இரவோடிரவாகப் பொங்குகிறதே, அதுவும் இதே குடும்பத்துக் கதைதான். கைராசி என்பார்கள், கையிலும் காற்றிலும் உளுந்திலும் இருக்கிற நுண்ணுயிரின் ராசி அது!

"அறிவு இருக்கட்டும். அறம் எங்கே?" என்றார் ஆசிரியர். விடுவாரா?

அறத்தைச் சட்டத்தில் தேடுவோர்க்குப் பீரின் வரலாறு நல்ல மருந்து. நார்வே நாட்டில், கிறித்தவம் புகுந்த தொடக்க நூற்றாண்டுகளில், குலாதிங் சட்டம் என்றொரு சட்டம் வழங்கிற்று. திருநாளுக்கு வீட்டில் பீர் காய்ச்ச வேண்டுவது குடியானவனின் கடமை! காய்ச்சாவிட்டால் தண்டம், மூன்றாண்டு தொடர்ந்து காய்ச்சாதவனின் உடைமைகளைப் பறிக்கலாம். காய்ச்சியது குற்றமன்று, காய்ச்சாதது குற்றம்! இங்கிலாந்திலோ, நூற்றாண்டுக்கணக்கில் அது சோறு வடிப்பதுபோல் வீட்டு வேலை. 1880ல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கிப் பீர்மீது வரி போட்டார். போட்டதும் அடுக்களை கணக்கில் வந்தது. வீட்டில் காய்ச்ச உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று. 1963ல் நிதியமைச்சர் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். அன்றுமுதல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சலாம், விற்கக்கூடாது. அமெரிக்காவிலே 1920ல் மதுவிலக்கு. 1933ல் விலக்கு விலகிற்று. வீட்டில் திராட்சை மது செய்யலாம் என்றார்கள். பீர் விடுபட்டுப் போயிற்று. விடுபட்டது விடுபட்டதுதான், 45 ஆண்டுகள் வீட்டுப் பீர் குற்றமாகவே இருந்தது. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்டார். மறு ஆண்டு பிப்ரவரி முதல் அது பொழுதுபோக்கு. ஆண்டுக்கு ஒருவருக்கு 100 காலன், இருவர் இருந்தால் 200. அங்கும் விற்கக்கூடாது. அதற்குப் பிறகும் சில மாநிலங்கள் முரண்டு பிடித்தன. மிசிசிப்பியும் அலபாமாவும் இணங்கியது 2013ல்.

ஒரே அண்டா. ஒரே தானியம். ஒரே நுரை. ஓரிடத்தில் கடமை, ஓரிடத்தில் குற்றம், ஓரிடத்தில் பொழுதுபோக்கு! செயல் மாறவில்லை, பெயர் மாறியது. பெயரை மாற்றியவர் யார்? ஒரு காலம் பாதிரியார்; ஒரு காலம் வரி அதிகாரி. அறம் என்னும் அம்மை இந்த வழக்கில் எங்குமே சாட்சி சொல்ல அழைக்கப்படவில்லை.

இன்னொன்றையும் ஆசிரியருக்குச் சொன்னேன். அவர் மகள் செய்வது ஆண்பிள்ளை வேலை என்று அண்டை வீட்டார் வியந்தார்களாம். என்ன மறதி! சுமேரியர் பீருக்கு வைத்த தெய்வமே பெண்தெய்வம். 1300ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் காய்ச்சியவர் பெரும்பாலும் பெண்களே. ஹாப்ஸ் சேராத அந்நாளைய ஏல் சில நாளில் புளித்துவிடும். ஆகவே சிறுகச் சிறுகக் காய்ச்சி, வீட்டுக்கு வைத்ததுபோக அண்டைக்கு விற்று, இரண்டு காசு கண்டனர் கைம்பெண்களும் ஏழை மனைவியரும். 1400ஐ ஒட்டிக் கடலுக்கு அப்பாலிருந்து ஹாப்ஸ் பீர் வந்தது. அது கெடாது, கெடாத பண்டத்தைத் தேக்கலாம், தொலைவுக்கு ஏற்றலாம், பெரிய கொப்பரை போடலாம். கொப்பரைக்கு முதல் வேண்டும். முதல் யாரிடம்? கடன் யாருக்குக் கிடைக்கும்? சங்கத்தில் யாரைச் சேர்ப்பார்கள்? 1600 வாக்கில் தொழில் ஆடவர் கைக்குப் போயிற்று. காசு வராதவரை பெண் வேலை, காசு வந்ததும் ஆண் தொழில்! நெசவிலும் சமையலிலும் நாம் கண்ட கதைதான் கொப்பரையிலும்.

"அப்படியானால் என் மகள் செய்வதில் தவறேயில்லை என்கிறாயா? அவள் வீடு, அவள் அடுப்பு, அவள் விருப்பம். அதுதானே உன் வாதம்?"

"இல்லை, அண்ணே" என்றேன். வியந்து பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நம் இளைஞர் பலர் வழுக்கி விழக் காண்கிறேன். 'என் வீடு, என் உரிமை' என்று ஒரு முழக்கம். கேட்க இனிக்கிறது. மேலை நாட்டு நூல் படித்த மிடுக்கும் அதிலே இருக்கிறது. ஆனால், தோழர்களே, அந்த வாதம் யாருடைய வாதம்? எட்டு வயதுச் சிறுமிக்குத் தாலி கட்டியவன், 'என் வீட்டு விவகாரம்' என்றான். கைம்பெண்ணின் தலையை மழித்தவன், 'எங்கள் குடும்ப வழக்கம்' என்றான். மனைவியை அடித்தவனைத் தடுக்கப் போனவரைப் பார்த்து, 'என் பெண்டாட்டி, என் வீடு, நீ யார்?' என்றான். வீட்டு வாயிற்படியோடு சமுதாயத்தின் கண் நின்றுவிட வேண்டும் என்றால் சீர்திருத்தம் தொடங்கியே இருக்காது. வீடு கோட்டையன்று. கொடுமைகளிற் பாதி குடியிருந்த இடமே வீடுதான்!

ஆகவே, 'எங்கே செய்தாள்' என்பது கேள்வியன்று. 'யாரைத் தாக்கிற்று' என்பதே கேள்வி. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில், அந்நாளில் மான்செஸ்டரிலிருந்து மதுவிலக்கு கோரிய அமைப்பினரோடு வழக்காடுகிறார். மில் வாதத்தின் சாரம் இதுதான்: ஒருவன் குடிக்கிறான் என்பதற்காக அவனைத் தண்டிக்காதே, குடித்துவிட்டுப் பிள்ளைகளைப் பட்டினி போட்டால், பட்டினி போட்டதற்காகத் தண்டி, பணியிலிருக்கும் காவலன் குடித்திருந்தால், கடமையில் தவறியதற்காகத் தண்டி. அம்மட்டோ? குடிவெறியில் ஒருமுறை பிறரைத் தாக்கியவனை, அவனை மட்டும், தனிக்கட்டுப்பாட்டில் வைப்பது முறையே என்றும் ஒப்புகிறார். குடிகாரர் கட்சி மில்லைத் துணைக்கழைக்கும்போது இந்தப் பகுதியை மட்டும் மறந்துவிடுகிறது!

இந்த அளவுகோலை லீட்ஸ் அடுக்களையில் வைத்துப் பார்த்தேன். அவள் ஈட்டிய பணம். வீட்டில் எவர் சோறும் குறையவில்லை. திங்களுக்கு 40 புட்டி. அதிலும் பாதி நண்பர்க்கு. அடிபட்டவர் இல்லை, ஏமாந்தவர் இல்லை, விற்பனையில்லை, ஆகவே எவரையும் மேலும் குடிக்கவைக்கவேண்டிய தேவையும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தி சிறிதன்று. தனக்காகக் காய்ச்சுபவள், நேற்றைவிட இன்று எவனாவது மிகுதியாகக் குடிக்கவேண்டும் என்று விரும்பமாட்டாள். விற்பவன் விரும்புவான், விரும்பியாகவேண்டும், அவன் கணக்கேடு அப்படி.

உடலுக்கு நல்லதா என்றால், இல்லை. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே மதுவைப் புற்றுநோய் விளைப்பவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வீட்டில் செய்ததால் தீங்கு குறையாது. பாட்டி செய்தாலும் மதுவில் உள்ளது மதுவே. ஆனால் தனக்குத்தானே செய்துகொள்ளும் சிறு தீங்கு அறிவின்மையாகலாம், குற்றமாகாது. வள்ளுவர்கூடக் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். ஏன் என்று அறிஞர்கள் பல கூறுவர். காவலனை ஏவிக் குடத்தை உடைக்கச் சொல்வதைவிட, குடிப்பவனின் பெயரும் பெருமையும் எப்படிப் போகும் என்று அவனுக்கே எடுத்துக்காட்டுவதே அங்கு அவர் வழி என்று எனக்குப் படுகிறது.

ஆசிரியர் சங்கப் புலமை உடையவர். "தோப்பி!" என்றார் திடீரென்று. நான் சொல்ல நினைத்ததை அவரே சொன்னார். வீட்டில் சமைத்த நெற்கள்ளைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. செய்முறையைக்கூட அந்நூல் காட்டுகிறது: அரிசிக் களியை அகன்ற வாயுடைய கலத்தில் ஆறவிட்டு, அடையைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிரவைத்து எடுத்தல். அடை என்பது நெல்முளையை இடித்தது என்பர் உரைகாரர். முளைகட்டிய தானியம்! "முப்பது ஆண்டு இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன், தம்பி. வாற்கோதுமைக்குப் பதில் நெல். என் மகள் செய்வதும் அதுதானே?" என்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அதுவே முதல்.

சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. "சரி, நம் நாட்டுக்கு வா. இங்கே?"

இங்கே? 1937ல் சேலத்தில் தொடங்கி, 1948ல் மாகாணம் முழுதும் பரவி, 1971ல் தளர்ந்து, 1974ல் திரும்பி, மறுபடியும் தளர்ந்த வரலாறு நமது. 2003 முதல் கடையையும் அரசே நடத்துகிறது. சட்டப் புத்தகத்தில் 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதன் பெயர் மதுவிலக்குச் சட்டம்! அந்தப் பெயரைத் தாங்கிய சட்டத்தின் கீழ்த்தான் மதுக்கடை நடக்கிறது. அந்தச் சட்டத்தின் கீழ்த்தான், உரிமமின்றி வீட்டில் காய்ச்சுபவர் குற்றவாளி. குடிப்பது தீது என்பதற்காகத் தடுக்கிறார்களா, தம் கடையில் வாங்காமல் குடிப்பது தீது என்பதற்காகத் தடுக்கிறார்களா? கிளாட்ஸ்டனாவது, வரிக்காகத்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

உடனே கள்ளக்குறிச்சியைக் காட்டுவர். காட்டட்டும், காட்டவேண்டும். 2024 ஜூன் திங்களில் அங்கே நச்சுச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அவர்களைக் கொன்றது எது? மெத்தனால். தொழிற்சாலைக்கான அந்த நச்சு வாற்கோதுமையைப் புளிக்கவைப்பதால் வந்ததன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று விற்பனைக்காகக் கலக்கப்பட்டது. சாராயம் காய்ச்சி வடிப்பது வேறு, பீர் நொதிக்கவிடுவது வேறு; வடிப்பதிலே தீயும் ஆபத்தும் மிகுதி. வீட்டுப் பீரை அனுமதிக்கும் இங்கிலாந்தும் அமெரிக்காவும்கூட வீட்டில் வாலை வடிக்க உரிமை தரவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பின்னே இருந்தது அடுக்களை அன்று, வாணிபம். வாங்கியவன் ஏழை, கலத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குச் சொன்னவர் இல்லை. பேரன் கையிலிருந்த அடர்த்திமானியும் குறிப்பேடும் அவனுக்கு எட்டாத பொருள்கள்.

எனக்குள்ள மனக்குறை ஒன்றுண்டு, அதையும் மறைக்கவில்லை. பட்டதாரி காய்ச்சினால் அது பொழுதுபோக்கு; பழங்குடிப் பெண் அரிசிக்கள் இறக்கினால் அது பழக்கக்கேடு! பெங்களூரில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னே பளபளக்கும் செப்புக் கொப்பரைகளைக் காட்டி, அங்கேயே காய்ச்சிய பீரை விற்கும் விடுதிகள் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அதை ஒரு கலை என்கின்றனர். கலையாகவே இருக்கட்டும். ஆனால் ஒருவன் கலைஞன், ஒருத்தி குற்றவாளி என்று பிரிப்பது அண்டாவில் உள்ள பொருளா, அண்டாவைத் துலக்குபவரின் பிறப்பா? நம் ஆசிரியர் மகளுக்கு நான் வாதாடும்போது, அந்தப் பழங்குடிப் பெண்ணுக்கும் சேர்த்தே வாதாடுகிறேன். அவளுக்குத் தராத உரிமையை இவளுக்கு மட்டும் கேட்க எனக்கு நா எழாது.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "பேரன், தம்பி?"

"என்ன அண்ணே?"

"எட்டு வயது. அடர்த்திமானி பார்க்கிறான், எண் எழுதுகிறான், நன்று. ஆனால் அந்த வாளியைச் சுற்றி அம்மாவும் அப்பாவும் மகிழ்ந்திருப்பதையும் பார்க்கிறானே? மது என்றால் சனிக்கிழமை, சிரிப்பு, குடும்பம் என்று அவன் மனத்தில் பதிகிறதே? என் வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு மது என்றால் அடி, பசி, அம்மாவின் அழுகை. அவர்கள் அதை வெறுத்து வளர்ந்தார்கள். வெறுத்தவர்களிலும் பாதிப்பேர் பின்னர் அதையே குடித்தார்கள். இவன் விரும்பி வளர்கிறான். இவன் என்ன ஆவான்?"

யாரைத் தாக்கிற்று என்பதே கேள்வி என்று முழங்கினேனே, அந்த அளவுகோல் இங்கே என் கையில் நடுங்கிற்று. பேரனை எவரும் தாக்கவில்லை. ஆனால் அவன் இசைவையும் எவரும் கேட்கவில்லை. எட்டு வயதில் கேட்டுப் பயனும் இல்லை. பெற்றோர் செய்வன எல்லாமே பிள்ளைக்குப் பாடம்தான். கோயிலுக்கு இழுத்துப்போவதும் பாடம், சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் பாடம், பீர் காய்ச்சுவதும் பாடம். ஒன்றைச் சட்டத்தால் தடுக்கவேண்டுமென்றால் எல்லாவற்றையும் தடுக்கவேண்டும். அது ஆகாத செயல். எதையும் தடுக்கவேண்டாம் என்றாலோ, பிள்ளைக்காகப் பேச எவருமில்லை. தாய் மறைத்துவைத்துக் குடித்திருந்தால் பிள்ளை கற்பது பொய். வெளிப்படையாகக் காய்ச்சுவதால் அவன் கற்பது, இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது. மறைப்பதினும் இது மேல் என்றேன். ஆசிரியர் தலையசைத்தார், ஒப்பவில்லை என்பது தலையசைப்பிலேயே தெரிந்தது. நானும் வற்புறுத்தவில்லை.

"அவளிடம் நேரே கேட்டீர்களா?"

"கேட்டேன். 'அப்பா, அவன் பதினெட்டு வயதில் குடிக்கலாமா என்று கேட்டால், இந்தக் குறிப்பேட்டோடு உங்கள் வருகைப் பதிவேட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்வேன்' என்றாள். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை."

எழுந்து, செருப்பை மாட்டியபோதுதான் வந்த காரியத்தைச் சொன்னார். ஊரில், பள்ளிக்கு அருகே இருந்த பழைய கடையை இவர்கள் போராடி மூடவைத்தார்கள் அல்லவா? இப்போது இரண்டு தெரு தள்ளி மறுபடி திறக்கப்போகிறார்களாம். வரும் ஞாயிறு பெண்கள் ஊர்வலம், தலைமை ஆசிரியர்தான். துண்டறிக்கை அச்சடிக்கவும், ஒலிபெருக்கி வாடகைக்கும், வெயிலில் நிற்பவர்களுக்கு மோருக்கும் பணம் வேண்டியிருந்தது.

"வசூல் ஆகிவிட்டதா, அண்ணே?"

"ஆகிவிட்டது. மகள் 100 பவுன் அனுப்பியிருக்கிறாள்."